நாரை மார்க் விளம்பரத்தில் வந்த கைகள்

போன வாரம் கோமதியின் கழுத்து வலிக்கு ஸ்கேன் எடுக்கக் கூட்டிப் போயிருந்தேன். கோமதி என் மனைவி. முப்பது வருஷமாக என்னைத் திரும்பித் திரும்பிப் பார்த்ததில் வந்த வலி என்று டாக்டரிடம் சொன்னேன். டாக்டர் சிரிக்கவில்லை. "பார்க்கதுக்குத் திரும்பல டாக்டர். இவிய கூப்பிடுத கூப்பாட்டுக்குத் திரும்பினது" என்று கோமதி சொன்னதும் சிரித்தார். என் நகைச்சுவைக்கு எங்கள் வீட்டில் உள்ள மரியாதை வெளியிலும் பரவிவிட்டது.

ஸ்கேன் சென்டரின் கூடத்தில் சுவரோடு ஒரு டி.வி. சத்தத்தைக் குறைத்து வைத்திருந்தார்கள். அதில் ஒரு விளம்பரம். மூன்று நாள் தாடியோடு அழகான பையன் ஒருவன். மனைவி லேப்டாப்பின் மேலேயே தலை சாய்த்துத் தூங்குகிறாள். அவன் பூனை நடை நடந்து போய், ஒரு குழந்தைச் சட்டையை இரண்டு விரலால் எடுத்து, வாஷிங் மெஷினில் போட்டு, ஒரு பொத்தானை அமுக்குகிறான். அவ்வளவுதான். மனைவி விழிக்கிறாள், கண் கலங்குகிறாள். அவன் அம்மா கதவோரம் நின்று நெஞ்சில் கை வைக்கிறாள். நாய்கூட எழுந்து நின்று பார்க்கிறது.

"ஒரு சட்டையப் போட்டதுக்கு நாயில இருந்து கும்பிடுது பாத்தீங்களா" என்றாள் கோமதி. "அந்தக் கணக்குல ஒங்களுக்கு அப்பவே கோயில்லா கட்டிருக்கணும்."

பக்கத்தில் இருந்த அம்மா என்னை ஏற இறங்கப் பார்த்தார். கோயில் கட்டுகிற அளவுக்கு அவர் கண்ணுக்கு ஒன்றும் தென்படவில்லை போலும், முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

அந்த நேரம் உள்ளேயிருந்து ஒரு பெண் வந்து, உடம்பில் உலோகம் எதுவும் இருக்கக் கூடாது, கழற்றிவிட்டு வாருங்கள், உங்களுக்கு முன்னால் இரண்டு பேர் இருக்கிறார்கள் என்றது. தாலிக்கொடியை வீட்டிலேயே எடுத்து வைத்துவிட்டு மஞ்சள் கயிறு கட்டி வந்திருந்தாள் கோமதி. கையில் இரண்டு தங்க வளையல் மட்டும் மிச்சம். மகள் கல்யாணத்துக்குப் போட்டது. கழற்றி நான் பார்த்ததே இல்லை. "வரலைன்னா சோப்புப் போட்டுப் பாருங்க" என்றது அந்தப் பெண்.

எனக்கு வந்ததே ஒரு மிடுக்கு. "சோப்பெல்லாம் ஆகாதும்மா. விளக்கெண்ணெய்தான். அதுக்கு ஒரு முறை இருக்கு" என்று எழுந்தேன். கோமதி "ஏங்க, அது..." என்று ஏதோ சொல்ல வந்தாள். அதற்குள் நான் படியிறங்கிவிட்டேன். ஒரு வேலையில் தேர்ச்சி உள்ளவன் அதைக் காட்டக் கிடைத்த சந்தர்ப்பத்தை விடுவானா?

கோவில்பட்டியில் இப்போது விளக்கெண்ணெய் வாங்குவது லேசுப்பட்ட காரியமில்லை. சூப்பர் மார்க்கெட்டில் ஆலிவ் எண்ணெய் இருக்கிறது, பாதாம் எண்ணெய் இருக்கிறது, வெங்காயத்தில்கூட எண்ணெய் எடுத்துவிட்டார்கள். மூன்றாவதாக ஏறிய நாட்டு மருந்துக் கடையில்தான் கிடைத்தது. அந்தக் கடையில் கால் வைத்ததுமே அந்தப் பிசுபிசுப்பு வாடை வந்து மூக்கில் ஒட்டியது. உடனே என் இரண்டு மணிக்கட்டும் கூசியது. ஏன் கூசியது என்பதைச் சொல்லத்தான் இவ்வளவு சுற்றி வருகிறேன்.

அப்போது எனக்கு இருபத்தாறு வயது. எடை அதைவிடக் கொஞ்சம்தான் கூட. கேபிள்காரர்கள் மொட்டைமாடிக்கு மொட்டைமாடி வயர் இழுத்துக்கொண்டிருந்த காலம். எங்கள் ஊர் கேபிளுக்கென்று ஒரு சேனல் இருந்தது. சேனல் என்றால் பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு லாட்ஜின் மாடி அறை. அங்கே ஒரு வி.சி.ஆர்., ஒரு கேமரா, அந்தக் கேமராவைப் பிடிக்கச் செண்பகம் என்ற நண்பன், மற்ற எல்லாவற்றுக்கும் நான். சாயங்காலம் ஒரு படம் போடுவோம். படத்தில் அழுகை முற்றுகிற இடமாகப் பார்த்து நிறுத்தி உள்ளூர் விளம்பரம் போடுவோம். அந்த விளம்பரங்களை எழுதியவன், இயக்கியவன், பின்குரல் கொடுத்தவன் எல்லாம் அடியேன்.

ஆகவே இன்றைக்கு டி.வி. விளம்பரத்து ஆண்பிள்ளைகளைப் பார்த்துச் சிரிக்கிற தகுதி எனக்குக் கிடையாது. அந்தப் பாவத்தில் எனக்கும் பங்குண்டு. பாத்திரக் கடை, மாவு மில், ஜவுளிக்கடை என்று எதற்கு எழுதினாலும் என் கதாநாயகன் ஒரே ஆள்தான். அவன் வெளியிலிருந்து உள்ளே வருவான். அதுதான் அவன் வேலை. வாசலில் நின்று மூச்சை இழுத்து, "ஆகா, என்ன மணம்!" என்பான். உப்பு டப்பா எங்கே இருக்கிறது என்று அவனுக்குத் தெரியாது. தெரிந்துவிட்டால் விளம்பரமே கிடையாது. மனைவி உள்ளேயிருந்து வெளியே வருவாள், கையில் தட்டோ தம்ளரோ இருக்கும். அவன் வாயில் வைப்பான். அவன் முகத்தை அவள் பரீட்சை முடிவு பார்ப்பதுபோலப் பார்ப்பாள். அவன் தலையாட்டியதும் பாஸ். இதெல்லாம் பெரிய கம்பெனி விளம்பரங்களைப் பார்த்து நான் காப்பியடித்ததுதான். ஊர்ச்சரக்காக இருக்கட்டும் என்று மீசை மட்டும் சேர்த்தேன்.

அப்போதுதான் எனக்குக் கல்யாணமாகி ஐந்து மாதம். கோமதிக்குக் கழுகுமலைப் பக்கம் ஒரு கிராமம். அவளுடைய அப்பாவுக்கு மானாவாரி நிலம் நிறைய. பருத்தி, உளுந்து, மிளகாய் போடுவார். மழையைத் தவிர யாரிடமும் எதையும் கேட்டுப் பழகாத மனிதர். பேச்சும் அந்தப் பக்கத்து மழை மாதிரிதான், எப்போதாவது விழும். நிச்சயத்தன்று மாப்பிள்ளைக்கு என்ன வேலை என்று கேட்டவரிடம் எங்கள் வீட்டில் கொஞ்சம் பெருமையாகவே "டி.வி.யில" என்று சொல்லிவிட்டார்கள். அவர் என்னிடம், "மாப்ள, எம் மகள அந்தப் பெட்டிக்குள்ள கொண்டுபோயிரக் கூடாது. அந்த வாக்கு மட்டும் குடுங்க" என்றார். தாம்பாளத்தில் கை வைத்து வாக்குக் கொடுத்தேன். நகை பற்றியோ சீர் பற்றியோ அன்று நாங்கள் பேசியதெல்லாம் மறந்துபோயிற்று. இது மட்டும் மறக்கவில்லை. மறக்க முடியாதபடி நடந்துபோயிற்று.

எங்களூரில் அப்போது ஒரு அண்ணாச்சி புதிதாக 'நாரை மார்க் சலவைத்தூள்' போட்டிருந்தார். அதற்கு விளம்பரம் வேண்டும், குடும்பப் பாங்காக இருக்க வேண்டும் என்றார். நான் கதை சொன்னேன். வெள்ளைச் சட்டைக் கணவன், மழை, கரிசல் சகதி, சட்டையெல்லாம் கறை. வீட்டுக்கு வருகிறான். மனைவியின் கைகள் துவைக்கின்றன. சட்டை நாரையாக வெளுக்கிறது. கணவன் மீசையை முறுக்கி, "கறை சட்டையில்! மனைவி வீட்டில்! கவலை எனக்கெதற்கு?" என்கிறான். அண்ணாச்சிக்குக் கண்ணில் நீர் வந்துவிட்டது. சலவைத்தூள் வாடையாகவும் இருக்கலாம்.

கணவனாக நடிக்க என்னை மிஞ்சிய மலிவான ஆள் இல்லை. மனைவிக்குத்தான் திண்டாட்டம். மதுரையிலிருந்து வருவதாகச் சொன்ன பெண் வரவில்லை. ஊரில் கேட்டதற்கு விளக்குமாற்றைத் தேடினார்கள். "ஏலே, ஒனக்கென்ன, வீட்டுலயே பொண்டாட்டி இருக்காள்லா" என்றார் அண்ணாச்சி. மாமனாருக்கு வாக்குக் கொடுத்திருக்கிறேன் என்று சொல்ல வெட்கமாக இருந்தது. "மொகம் வேண்டாம் அண்ணாச்சி. கை மட்டும் காட்டிருவோம்" என்று சமாளித்து வந்தேன்.

கோமதியிடம் கேட்டேன். முகத்தைக் காட்டக் கூடாது என்றுதானே மாமா சொன்னார், கை என்பது முகம் ஆகாதே என்று வக்கீல் மாதிரி வாதாடினேன். அவள் முருங்கைக்கீரை உருவிக்கொண்டே கேட்டாள்.

"எங்கப்பா என்ன சொன்னாவ? மொகத்தன்னா, மகளன்னா?"

"மகளை."

"எங் கை எங்கப்பாவுக்கு மகதான்."

கேஸ் தள்ளுபடி. நான் தலையில் கை வைத்து உட்கார்ந்தேன். அவள் அந்தக் கையையே கொஞ்ச நேரம் பார்த்தாள். "வாழைத்தண்டு கணக்கா ஒங்க கையே இருக்குல்லா. மயிர மட்டும் மழிச்சாப் போதும்" என்றாள்.

விளையாட்டுக்குச் சொன்னாள். நான் பிளேடை எடுத்துவிட்டேன்.

வளையல் பொருந்துமா என்று கவலைப்பட்டீர்களானால், அந்தக் கவலையே வேண்டாம். களை பறித்து, பருத்தி எடுத்து, கிணற்று நீர் இறைத்து வளர்ந்த கை அவளுடையது. என் கையைவிட ஒரு சுற்றுப் பெரிது. கழுகுமலைத் திருவிழாவில் அவளுடைய அப்பா வாங்கிக் கொடுத்த கண்ணாடி வளையல் ஒரு டஜன் இருந்தது. பச்சையில் பொன்புள்ளி தெளித்தது. சோப்பு நுரை போட்டு அவளே ஆறாறாக ஏற்றிவிட்டாள். ஏற்றும்போது அவள் சிரித்த சிரிப்பில் இரண்டு தடவை வேலை நின்றது.

எங்கள் வீட்டுப் பின்புறத் துவைக்கிற கல்லில் படப்பிடிப்பு. செண்பகம் ஒரு சாக்கு நிறையக் கரிசல் மண் கொண்டுவந்து குழைத்துச் சட்டையில் அப்பினான். நான் உடனே தண்ணீரை ஊற்றிக் கசக்கினேன். முதுகில் மட்டும் இருந்த கறை மார்புக்கு வந்தது. தூளைக் கொட்டினேன். சட்டைக் கைகளுக்கும் போனது. இரண்டாவது சட்டை, மூன்றாவது சட்டை. கல்லைச் சுற்றி மைக்குளம் கட்டிவிட்டது. மத்தியானம் வரை அந்தத் தூளில் கை ஊறியதுதான் மிச்சம். கடைசியில் புறவாசலிலிருந்து கோமதி, "கரிசல் மண்ண ஈரத்தோடயா கசக்குவாக? காயவிட்டு உதறுனா பாதி போயிரும். பெறகுதான் நனைக்கணும்" என்றாள். பிறந்ததிலிருந்து கரிசலில் நடந்தவன் நான். அந்த மண் என் துணியிலிருந்து எப்படிப் போகிறது என்று ஒருநாளும் கேட்டதில்லை. விளம்பரம் எழுதுகிறவனுக்கு அதெல்லாம் எதற்கு?

காயவிட்டோம், உதறினோம், துவைத்தோம். சட்டை வெளுத்தது. கைகள் சிவந்தன. நான் உள்ளே போய் வேறு வெள்ளைச் சட்டை மாற்றி, முழுக்கையை இறக்கிவிட்டு, மை தீட்டிய மீசையை முறுக்கி, மனைவி வீட்டில் கவலை எனக்கெதற்கு என்று சொல்லி முடித்தேன். பிறகு வளையலைக் கழற்ற உட்கார்ந்தோம்.

வரவில்லை. அண்ணாச்சியின் தூளில் என்ன போட்டிருந்தாரோ, இரண்டு கையும் பணியாரம் மாதிரி உப்பியிருந்தது. உடைத்துவிடலாம் என்று கல்லில் கையை ஓங்கினேன். கோமதி பாய்ந்து பிடித்துக்கொண்டாள். கண்ணாடி வளையலைத் தெரிந்தே உடைக்கலாமா? தாலி கட்டினவனுக்கு ஆகாதே. "ஏட்டி, இது என் கைடீ" என்றேன். "கை ஒங்களது. வளையலு என்னுது. ஒடஞ்சா யாருக்கு ஆகாது?" என்றாள். யோசித்துப் பார்த்தால் எனக்குத்தான். உடைத்தால் என் உயிருக்கு ஆகாது, உடைக்காவிட்டால் என் மானத்துக்கு ஆகாது. மானம் போனால் திரும்ப வரும் என்று முடிவு செய்து வீக்கம் வற்றட்டும் என்று விட்டுவிட்டோம்.

சித்திரை வெயிலில் முழுக்கைச் சட்டை போட்டு, மணிக்கட்டில் பொத்தானும் போட்டு நடந்தவன் எங்களூரில் நான் ஒருவன்தான். டவுன் பஸ்ஸில் மேலே கம்பியைப் பிடித்தால் சட்டைக் கை நழுவி வளையல் சத்தம் வரும் என்று பிடிக்காமலே நின்று மூன்று பேர் மடியில் விழுந்தேன். எழுதும்போது கையை மேசையில் ஊன்றிப் பேப்பரை நகர்த்தி எழுதினேன். எனக்குப் பின்னால் நடந்து வந்த ஒருவர் கொலுசுச் சத்தம் என்று நினைத்து இரண்டு தரம் திரும்பிப் பார்த்தார்.

மறுநாள் சாயங்காலம் விளம்பரம் ஓடியது. தெருவுக்கே தெரிந்துவிட்டது. குழாயடியில் கோமதியிடம், "டி.வி.யில ஒன் கையப் பாத்தோம்ட்டி, என்னமாத் தொவைக்க" என்றார்களாம். அவள் இல்லையென்றும் சொல்லவில்லை, ஆமென்றும் சொல்லவில்லை. இல்லையென்றால் பிறகு யார் கை என்று சொல்ல வேண்டுமே. அவள் எனக்காக வாயை மூடிக்கொண்டாள். நானும் எனக்காகவே மூடிக்கொண்டேன்.

மூன்றாம் நாள் சாயங்காலம் மாமா வந்துவிட்டார். மண்டிக்கு உளுந்து கொண்டுவந்தவர், டீக்கடையில் டி.வி.யைப் பார்த்திருக்கிறார். நேரே வந்து வீட்டு நடையில் நின்றார். கோமதி சொம்பில் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். கையில் வாங்கிக்கொண்டார். குடிக்கவில்லை. மகள் வீட்டுத் தண்ணீரைக் குடிக்காமல் ஒரு தகப்பன் நிற்கிறார் என்றால் எங்கள் பக்கத்தில் அதற்கு மேல் பேச்சே வேண்டியதில்லை.

அவர் என்னைப் பார்க்கவே இல்லை. அவளிடம்தான் கேட்டார்.

"ஏட்டி, திருவிழாவுல நான் வாங்கித் தந்த வளையலு எங்க?"

அவள் கையில் வேறு ரப்பர் வளையல் கிடந்தது. கையை முந்தானைக்குள் இழுத்துக்கொண்டாள்.

"டீக்கடையில அத்தன பேரும் பாத்துக்கிட்டு இருக்கான். எம் மக கையி." அப்புறம் மெதுவாகச் சொன்னார். "வாக்குக் குடுத்தது ஆம்பளன்னுலா நெனச்சேன்."

நான் சொல்லியிருக்க வேண்டும். அந்த இடத்திலேயே சொல்லியிருக்க வேண்டும். நான் என்ன செய்தேன் தெரியுமா? கையைப் பின்னால் கட்டிக்கொண்டேன். ஆம்பளை இல்லை என்று ஒரு மனிதர் சொல்லிக்கொண்டிருக்கும்போது வளையல் கையை நீட்டினால் அவர் சொன்னதற்கு நானே கையெழுத்துப் போட்டதாகாதா?

கோமதி என்னைப் பார்த்தாள். கோபமாகப் பார்த்திருந்தால் தாங்கியிருப்பேன். 'சரி, ஒங்களுக்கு முடியாது' என்று புரிந்துகொண்ட பார்வை அது. தன் அப்பாவிடம் திரும்பினாள்.

"அவுகள ஏசாதீங்கப்பா. நாந்தான் ஆசப்பட்டு..."

பொய்யே சொல்லத் தெரியாதவள் முழுதாக ஒரு பொய்யைச் சொல்ல ஆரம்பித்துவிட்டாள். அதை முடிக்க விட்டிருந்தால் நான் இன்றைக்கு இதை எழுதிக்கொண்டிருக்க மாட்டேன். எழுதக் கை இருந்திருக்கும், முகம் இருந்திருக்காது. பொத்தானைக் கழற்றி இரண்டு கையையும் முழங்கை வரை சுருட்டி அவர் முன்னால் நீட்டினேன். பன்னிரண்டும் கலகலவென்றன.

"கையும் நாந்தான் மாமா."

அவர் பார்த்தார். மழித்த கையில் முளைவிட்ட மயிரையும் பார்த்தார், உப்பிய புறங்கையையும் பார்த்தார். மகளைப் பார்த்தார். அவள் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அடுப்படிக்கு ஓடினாள். மாமா சொம்பைத் தூக்கி ஒரே மூச்சில் தண்ணீரைக் குடித்தார். பிறகு துண்டை உதறிப் போட்டுத் தரையில் உட்கார்ந்து, "வெளக்கெண்ண இருக்கான்னு கேளுங்க" என்றார்.

என் கையை எடுத்துத் தன் மடியில் வைத்தார். கட்டைவிரலை உள்ளே மடக்கிச் சுண்டுவிரலை நோக்கித் தள்ளி, எண்ணெயைக் கணுக்களில் தடவி, ஒவ்வொரு வளையலாகச் சாய்த்துச் சாய்த்துக் கொண்டுவந்தார். ஏர் பிடித்துக் காய்த்த விரல்கள். ஒரு இடத்தில்கூட வலிக்கவில்லை. ஒன்றுகூட உடையவில்லை. ஆறாவது வரும்போது கேட்டேவிட்டேன், இதை எங்கே பழகினீர்கள் என்று.

அடுப்படிப் பக்கம் ஒரு தரம் பார்த்துக்கொண்டார்.

"ஒங்க அத்தைக்குப் பேறுகாலம் நெருங்கினா கையி வீங்கிரும். ஒடைக்க விடமாட்டா. ஆளு இல்லாத நேரமாப் பாத்து நாந்தான் களத்துவேன். அஞ்சு பிள்ளைக்கும் நாந்தான்." எண்ணெய்க் கையைத் துண்டில் துடைத்தார். "வெளிய சொல்லிராதீங்க மாப்ள."

அதைத்தான் நான் அவரிடம் சொல்ல வாயெடுத்திருந்தேன்.

போகும்போது செருப்பை மாட்டிக்கொண்டே, "தொவைச்சதெல்லாம் சரிதான். கழுத்துப்பட்டியத் தேய்க்காம விட்டுட்டீங்க" என்றார். அதை அவர் எங்கே பழகினார் என்று கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை.

அன்று முதல் எங்கள் வீட்டுத் துணியெல்லாம் நான்தான் துவைக்கிறேன் என்று எழுத ஆசைதான். கோமதி இதைப் படிப்பாள். ஆகவே உள்ளதைச் சொல்லிவிடுகிறேன். கரிசல் மண் பட்ட துணியை மட்டும், அதையும் காயவிட்டு உதறுவது வரை மட்டும். ஆனால் அதற்குப் பிறகு நான் எழுதிய விளம்பரங்களில் வாசலில் நின்று மூச்சிழுக்கிற அந்த ஆளை அவ்வளவு திருப்தியாக எழுத முடியவில்லை. மீசையை முறுக்கச் சொன்னால் பேனா மக்கர் செய்யும். அடுப்படியில் வெங்காயம் உரிக்கிற கணவனாக ஒரு விளம்பரம் எழுதிக் கொடுத்தேன். கடைக்காரர், "அவன் பொண்டாட்டிக்கு என்ன சீக்கு?" என்று கேட்டுத் திருப்பிக் கொடுத்துவிட்டார்.

நாரை மார்க் இரண்டு வருஷத்தில் பறந்துபோயிற்று. சேனல் இருந்த லாட்ஜையும் இடித்துவிட்டார்கள். அந்த விளம்பர கேசட்டை ரொம்ப நாள் பீரோவில் வைத்திருந்தேன். மகளுக்குக் காட்டலாம் என்று எடுத்தபோது நாடா முழுக்கப் பூஞ்சை. துவைக்கிற கல் இருந்த இடத்தில் டைல்ஸ் போட்டு மெஷின் வைத்திருக்கிறோம். அத்தை போய், அடுத்த கார்த்திகைக்குள் மாமாவும் போய்விட்டார். அந்தப் பன்னிரண்டு வளையலும் கோமதி கையில் கிடந்து, தானாக ஒவ்வொன்றாகத்தான் உடைந்தன.

விளக்கெண்ணெய்ப் பாட்டிலோடு மூச்சிரைக்கப் படியேறினேன். கூடத்தில் இருந்தவர்கள் பார்க்க, நாற்காலியை இழுத்துப் போட்டு, சட்டைக் கையைச் சுருட்டிவிட்டுக்கொண்டேன். கோமதியின் கையை எடுத்து மடியில் வைத்தேன். கட்டைவிரலை உள்ளே மடக்கிச் சுண்டுவிரலை நோக்கி மெல்லத் தள்ளினேன்.

பாட்டிலைத் திறக்கவே இல்லை. இரண்டு வளையலும் சரிந்து வந்து என் உள்ளங்கையில் விழுந்தன.

"இதத்தானே அப்பவே சொல்ல வந்தேன்" என்றாள். "ஒரு வருசமா இப்படித்தான். பாத்திரம் தேய்க்கையில தானாக் களந்து விழுது. நீங்க எங்க பாத்தீங்க?"

உள்ளேயிருந்து கூப்பிட்டார்கள். எழுந்து போய்விட்டாள். டி.வி.யில் அந்தத் தாடிப் பையன் மறுபடியும் சட்டையைப் போட்டான், நாய் மறுபடியும் எழுந்து நின்றது. பக்கத்து அம்மா பார்க்கவில்லை என்று உறுதி செய்துகொண்டு, ஒரு வளையலை என் கையில் ஏற்றிப் பார்த்தேன். கட்டைவிரலை மடக்கியும் பார்த்தேன்.

கணுவைத் தாண்டவில்லை.